சர்நேம் கட்டத்தில் எதை எழுதுவது? இனிஷியல் வைத்திருப்பவர்களுக்கான வழிகாட்டி

பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் நம் ஊர்க்காரர்கள் திணறுவது முகவரியிலோ பிறந்த தேதியிலோ அல்ல. 'சர்நேம்' என்று போட்டிருக்கும் அந்த ஒரு கட்டத்தில்தான். அகராதி 'குடும்பப் பெயர்' என்கிறது. நம்மில் பெரும்பாலோருக்கு அப்படி ஒன்று கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்து மட்டும்தான் உண்டு. அதனால் ஒருவர் காலியாக விடுகிறார், ஒருவர் ஒற்றை எழுத்தைப் போட்டுப் பார்க்கிறார், இன்னொருவர் வடநாட்டு நண்பர் சொன்னாரென்று சாதிப் பெயரைத் தேடி ஒட்டுகிறார். இவை எல்லாவற்றுக்கும் விலை உண்டு. அது அன்றைக்குத் தெரியாது, நாலைந்து வருடம் கழித்து விசா எடுக்கும்போதோ விமான நிலையத்திலோ தெரியும்.

கட்டுரை முழுக்க ஒரே ஆளை வைத்துப் பார்ப்போம். பெயர் முத்துக்குமார். அப்பா சண்முகம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் 'முத்துக்குமார் எஸ்'.

கட்டணங்கள் அவ்வப்போது மாறும். கீழே உள்ள தொகைகளை, பணம் கட்டும் அன்று அந்தந்தத் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. படிவம் கேட்கும் சொற்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

சர்நேம், லாஸ்ட் நேம், ஃபேமிலி நேம் மூன்றும் படிவத்தைப் பொறுத்தவரை ஒரே கட்டம்தான். கிவன் நேம், ஃபர்ஸ்ட் நேம், ஃபோர்நேம் என்பவை உங்களுக்கென்று வைத்த பெயர். 'லாஸ்ட்' என்றிருப்பதால் வரிசையில் கடைசியாக எழுதுவது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பல பட்டியல்களில் லாஸ்ட் நேம்தான் முதலில் வரும், அதன்பின் ஒரு காற்புள்ளி, பிறகு கிவன் நேம். 'சண்முகம், முத்துக்குமார்' என்று ஒரு பல்கலைக்கழகப் பட்டியலில் பார்த்தால் பெயரை மாற்றிவிட்டார்கள் என்று பதற வேண்டாம், அந்தக் காற்புள்ளிக்கு அதுதான் பொருள்.

கிவன் நேம் என்பது இந்தியப் பாஸ்போர்ட்டில் ஃபர்ஸ்ட் நேம், மிடில் நேம் இரண்டும் சேர்ந்தது. மிடில் நேமுக்குத் தனிக் கட்டம் இல்லை.

'எம்.ஐ.' என்று ஒரு சின்னக் கட்டம் அமெரிக்கப் படிவங்களில் வரும். மிடில் இனிஷியல். இனிஷியல் என்ற சொல்லைப் பார்த்ததும் அப்பாவின் எழுத்தை அங்கே போட்டுவிடுவது நம்மவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. அது நடுப்பெயரின் முதலெழுத்துக்கான இடம். நடுப்பெயர் இல்லையென்றால் காலியாக விடுங்கள். சண்முகம் சர்நேமில் இருக்கும்போது 'எஸ்' இங்கேயும் ஏறினால் உங்கள் பெயர் 'முத்துக்குமார் எஸ் சண்முகம்' ஆகிவிடும். அந்த மூன்றாவது ஆள் யாரென்று ஒரு நாள் நீங்களே விளக்க வேண்டியிருக்கும்.

ஒப்பந்தங்களில் 'இங்கே இனிஷியல் செய்யவும்' என்று வந்தால் அதன் பொருள் வேறு. அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டேன் என்பதற்கு அடையாளமாகச் சுருக்கெழுத்துப் போடுவது. ஓரத்தில் 'எம்எஸ்' என்று கிறுக்கினால் போதும், முழுக் கையெழுத்து வேண்டாம்.

'டைட்டில்' என்றால் திரு, திருமதி வகை. பட்டமோ பதவியோ அல்ல. 'அலியாஸ்' என்றால் புனைபெயர் மட்டுமல்ல. வேறு பெயரில் ஏதாவது ஆவணம் இருந்திருக்கிறதா என்ற கேள்வி. வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயரை அங்கே எழுதி வம்பை விலைக்கு வாங்க வேண்டாம்.

'மதர்ஸ் மெயிடன் நேம்' வங்கிகள் கேட்பது: திருமணத்துக்கு முன் அம்மாவுக்கு இருந்த சர்நேம். நம் அம்மாக்களுக்கு அது இருந்திருக்காது. அம்மாவின் அப்பா பெயரை எழுதலாம், அம்மாவின் பெயரையே எழுதலாம். எதை எழுதினீர்கள் என்று குறித்து வையுங்கள், அவ்வளவுதான். பாஸ்வேர்டு மறந்தால் அதைத்தான் கேட்பார்கள்.

2. எந்தப் பெயர் எந்தக் கட்டத்துக்கு என்று ஒரே தடவையில் முடிவு செய்யுங்கள்

முத்துக்குமாருக்கு மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி: கிவன் நேம் முத்துக்குமார், சர்நேம் சண்முகம். வெளிநாட்டில் உடன் வேலை செய்பவர்கள் முத்துக்குமார் என்பார்கள். வங்கியும் மருத்துவமனையும் 'மிஸ்டர் சண்முகம்' என்று அப்பாவைக் கூப்பிடும். முதல் மாதம் திரும்பிப் பார்க்க மாட்டீர்கள், பிறகு பழகிவிடும்.

இரண்டாம் வழி: கிவன் நேமிலேயே முத்துக்குமார் சண்முகம், சர்நேம் காலி. இந்தியாவுக்குள் ஒரு சிக்கலும் வராது. வெளியே போகும்போதுதான் வரும். அதை ஏழாவது படியில் பார்ப்போம்.

மூன்றாம் வழி: கிவன் நேம் சண்முகம், சர்நேம் முத்துக்குமார். 'எஸ். முத்துக்குமார்' என்ற வரிசை கெடாமல் இருக்கும், 'மிஸ்டர் முத்துக்குமார்' என்ற மரியாதையும் கிடைக்கும். ஆனால் ஃபர்ஸ்ட் நேமை வைத்துக் கூப்பிடும் நாடுகளில் அலுவலகம் முழுக்க உங்களைச் சண்முகம் என்றே அழைக்கும்.

வெளிநாடு போகும் எண்ணம் துளி இருந்தாலும் முதல் வழியே நல்லது. அப்பா பெயருக்குப் பதில் அம்மா பெயரையோ ஊர்ப் பெயரையோ வைக்கவும் தடையில்லை. ஆனால் உங்கள் பழைய சான்றிதழ்களில் உள்ள இனிஷியலின் விரிவாக அது இருந்தால்தான் பின்னால் இரண்டும் ஒரே ஆள் என்று காட்டுவது எளிது. 'டி.எஸ்.' என்று ஊரும் அப்பாவுமாக இரண்டு இனிஷியல் இருந்தால் இரண்டையும் விரிக்க வேண்டிவரும். பெயர் நீளும், அதைக் கணக்கில் வையுங்கள்.

நீளத்துக்கு ஓர் அளவும் உண்டு. பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கத்தில் அடியில் இரண்டு வரி இருக்கும், வரிக்கு 44 இடம். அதில் பெயருக்கு 39 இடம்தான். முதலில் சர்நேம், பின் இரண்டு அம்புக்குறி, அதன்பின் கிவன் நேம். குடியேற்ற அதிகாரியின் இயந்திரம் படிப்பது இதைத்தான். திருச்சிற்றம்பலம், வெங்கடசுப்பிரமணியன் போன்ற பெயர்களை ஆங்கிலத்தில் எழுத்தெண்ணிப் பாருங்கள். 39-ஐத் தாண்டினால் அந்த வரியில் பெயர் சுருக்கப்படும்.

திருமணமான பெண்கள் சர்நேமைக் கணவர் பெயருக்கு மாற்றியாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. கணவர் பெயருக்குத் தனிக் கட்டம் இருக்கிறது. படித்த சான்றிதழ் எல்லாம் அப்பா பெயரில் இருக்கும்போது சர்நேமை மாற்றுவது, வேண்டாத வேலையைத் தேடிப்போய்ச் செய்வது.

3. ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பூட்டிவிடுங்கள்

தமிழில் ஒரே எழுத்து, ஆங்கிலத்தில் இரண்டாக உடையும். 'க' என்ற இனிஷியல் கந்தசாமிக்கு 'கே', கணேசனுக்கு 'ஜி'. 'த' என்பது தங்கவேலுக்கு 'டி' (T), தனசேகரனுக்குப் பெரும்பாலும் வேறு 'டி' (D). 'ப' என்பது பழனிக்கு 'பி' (P), பாலுவுக்கு வேறு 'பி' (B). பள்ளியில் சேர்த்த அன்று யாரோ எழுதியது அப்படியே மதிப்பெண் பட்டியல் வரை வந்திருக்கும். அப்பாவின் ஆதாரில் பெயர் ஓர் எழுத்தில் தொடங்க, உங்கள் இனிஷியல் வேறோர் எழுத்தாக இருந்தால் அதைப் பாஸ்போர்ட்டுக்கு முன்பே தீர்க்க வேண்டும்.

சண்முகத்தையே எடுங்கள். 'எஸ்' அடுத்து 'ஹெச்' உண்டா இல்லையா, அதன்பின் 'ஏ'வா 'யு'வா என்று நாலு விதமாக எழுதலாம். அப்பாவின் ஆதார், பான், வங்கிப் புத்தகம் மூன்றையும் மேசையில் பரப்பி, இரண்டிலாவது ஒன்றுபோல் இருக்கும் எழுத்துக்கூட்டலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டுத் தாளில் பெரிய எழுத்தில் எழுதிப் படமெடுத்துப் போனில் வையுங்கள். இனி எந்தப் படிவமானாலும் அதைப் பார்த்தே நிரப்புங்கள், நினைவிலிருந்து எழுதாதீர்கள்.

4. ஆதாரில் விரிவான பெயரை ஏற்றுங்கள்

ஆதாரில் பெயருக்கு ஒரே கட்டம். சர்நேம் தனியாக இல்லை. அதனால் 'முத்துக்குமார் சண்முகம்' என்று, முதல் வழியில் முடிவு செய்த அதே வரிசையில் இருந்தால் போதும். 'முத்துக்குமார் எஸ்' என்றிருந்தால் ஆதார் மையத்தில் திருத்தலாம். கட்டணம் 75 ரூபாய். விரிவான பெயர் உள்ள ஒரு சான்று கையில் வேண்டும்.

ஆயுளில் இரண்டே முறைதான் ஆதாரில் பெயர் திருத்தலாம். திருமணத்துக்கு ஒன்று, எழுத்துப் பிழைக்கு ஒன்று என்று செலவழித்துவிட்டு அவசரத்துக்குக் கையைப் பிசைபவர்கள் நிறையப் பேர். மையத்தில் பதிவு செய்பவர் திரையைக் காட்டும்போது ஆங்கிலம், தமிழ் இரண்டையும் எழுத்து எழுத்தாகப் படியுங்கள். ஆங்கிலத்திலிருந்து தானாக மாற்றப்படும் தமிழில் 'சன்முகம்' என்று வந்து நிற்பது சாதாரணம்.

5. பாஸ்போர்ட் விண்ணப்பம்

சர்நேம் கட்டம் கட்டாயமில்லை, கிவன் நேம் கட்டாயம். இந்த ஏற்பாடுதான் பலரைக் காலியாக விடத் தூண்டுகிறது. இனிஷியலாக ஒற்றை எழுத்து எடுபடாது, விரித்துத்தான் எழுத வேண்டும்.

பெரியவர்களுக்கு 36 பக்கப் புத்தகம் 1,500 ரூபாய், 60 பக்கம் 2,000. தத்கல் என்றால் இன்னொரு 2,000 கூடும். ஆவணங்கள் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் தளத்தில் உள்ள 'டாக்குமெண்ட் அட்வைசர்' பகுதியில் உங்கள் விவரத்தைக் கொடுத்துப் பட்டியலை எடுங்கள். தெருவில் படிவம் நிரப்பித் தருபவர் சொல்வதை அதற்கு மேல் நம்பாதீர்கள்.

'உங்கள் பெயரை எப்போதாவது மாற்றியதுண்டா' என்ற கேள்விக்கு, இனிஷியலை விரித்ததை நினைத்து 'ஆம்' போட்டுவிடுகிறார்கள். அது முறைப்படி பெயரை மாற்றியவர்களுக்கான கேள்வி. 'ஆம்' என்றால் அதற்கான அத்தாட்சியைக் கேட்பார்கள்.

நேர்காணல் நாளில் ஏ, பி, சி என்று மூன்று கவுண்டர். ஏ கவுண்டரில் புகைப்படம், கைரேகை எடுத்து, விவரத்தைத் திரையில் காட்டுவார்கள். பிழையைக் காசு செலவில்லாமல் திருத்தக் கிடைக்கும் நல்ல வாய்ப்பு அதுதான். சட்டையைச் சரிசெய்துகொண்டு படம் நன்றாக விழுந்ததா என்று பார்ப்பதற்கு முன், சர்நேம் கட்டத்தில் சர்நேமும் கிவன் நேம் கட்டத்தில் கிவன் நேமும் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே சரி என்று தலையாட்டிவிட்டு வந்தால் அடுத்த திருத்தம் மறுவெளியீடுதான். மறுபடி 1,500 ரூபாய், மறுபடி ஒரு நாள் விடுப்பு.

6. பான் அட்டை: இங்கே விதி தலைகீழ்

பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டாயமில்லை. பானில் லாஸ்ட் நேம்தான் கட்டாயம், மற்ற இரண்டும் காலியாக இருக்கலாம். ஒற்றைப் பெயர்க்காரர்கள் அந்த ஒரு பெயரை லாஸ்ட் நேம் கட்டத்தில் எழுத வேண்டும்.

முத்துக்குமார் முதல் வழியை எடுத்திருந்தால் லாஸ்ட் நேம் சண்முகம், ஃபர்ஸ்ட் நேம் முத்துக்குமார். மாற்றி நிரப்பினால் அட்டையில் 'சண்முகம் முத்துக்குமார்' என்று அச்சாகும். தமிழ்நாட்டில் தலைகீழாக நிற்கும் பான் பெயர்கள் பெரும்பாலும் இப்படி வந்தவைதான். அச்சகம் செய்த பிழை அல்ல. அட்டையில் அச்சாக வேண்டிய பெயர் என்று தனியாக ஒரு வரி உண்டு. அங்கே ஃபர்ஸ்ட், மிடில் இரண்டையும் எழுத்தாகச் சுருக்கலாம், லாஸ்ட் நேமைச் சுருக்கக் கூடாது. சுருக்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

அட்டையை இந்திய முகவரிக்கு அனுப்பக் கட்டணம் 107 ரூபாய், திருத்தத்துக்கும் அதே தொகை. இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். பான் பெயரும் ஆதார் பெயரும் ஒத்துப்போகாவிட்டால் இணைப்பு தோல்வி என்று வரும். பிஎஃப் பணம் எடுக்கும்போதும் இதே தகராறு. அதனால் ஆதாரை முடித்துவிட்டுப் பானுக்கு வாருங்கள்.

7. சர்நேம் ஏற்கெனவே காலியாக இருந்தால்

உடனே பாஸ்போர்ட்டை மாற்ற வேண்டியதில்லை. போகும் நாட்டைப் பொறுத்தது.

அமெரிக்கா: விசா படிவத்தில், பாஸ்போர்ட்டில் ஒரு கட்டத்தில் மட்டும் பெயர் இருந்தால் அது முழுவதும் சர்நேமுக்குப் போகும். கிவன் நேமில் 'எஃப்என்யு' என்று மூன்று எழுத்து. முதல்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம். விசாவில் அப்படியே அச்சாகி, அங்கே ஓட்டுநர் உரிமம், வங்கி அட்டை என்று ஒவ்வொன்றிலும் ஒட்டிக்கொள்ளும். மருத்துவமனையில் 'எஃப்நூ' என்று கூப்பிட்டால் அது நீங்கள்தான். அதைப் போக்கப் புதிய பாஸ்போர்ட்டும் அதன்பின் புதிய விசாவும் வேண்டும். சுற்றுலா விசாவுக்கே 185 டாலர், திரும்பக் கிடைக்காது. ஆகவே அமெரிக்கா போகிறவர்கள் முதல் விசாவுக்கு முன்பே பாஸ்போர்ட்டில் சர்நேமை ஏற்றிவிடுவது மலிவு.

கனடா: கிவன் நேம் முழுவதையும் ஃபேமிலி நேம் கட்டத்தில் எழுதி, கிவன் நேமைக் காலியாக விடச் சொல்கிறார்கள். அங்கே 'எஃப்என்யு' போட வேண்டாம்.

ஐக்கிய அரபு அமீரகம்: 2022 நவம்பர் 21 முதல் பாஸ்போர்ட்டில் ஒற்றைச் சொல்லாகப் பெயர் உள்ளவர்களுக்குச் சுற்றுலா, வருகை விசாக்களில் அனுமதியில்லை. கவனியுங்கள், 'முத்துக்குமார்' மட்டும் இருந்தால்தான் சிக்கல். 'முத்துக்குமார் சண்முகம்' என்று கிவன் நேமிலேயே இரண்டு சொல் இருந்தால் அது ஒற்றைப் பெயர் ஆகாது. ஒற்றைச் சொல்லாக இருந்தும் பாஸ்போர்ட்டின் இரண்டாம் விவரப் பக்கத்தில் தந்தை பெயர் அச்சாகியிருந்தால் ஏற்பதாகப் பிறகு விளக்கம் தந்தார்கள். டிக்கெட் எடுப்பதற்கு முன் விமான நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

விமான டிக்கெட்: பதிவுத் தளங்கள் லாஸ்ட் நேம் இல்லாமல் நகராது. சில நிறுவனங்கள் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் எழுதச் சொல்லும், சில எஃப்என்யு போடச் சொல்லும். ஒவ்வொன்றின் உதவிப் பக்கத்திலும் அவர்கள் விதி இருக்கும். செய்யக் கூடாதது ஒன்றுதான்: பாஸ்போர்ட்டில் இல்லாத 'எஸ்' என்ற எழுத்தை லாஸ்ட் நேமாகப் போடுவது. இரண்டு விமானம் மாறிப் போகும் பயணமென்றால் இரண்டையும் ஒரே டிக்கெட்டில் எடுங்கள், பெயர் இரண்டு விதமாக ஏறாது.

ஆங்கிலத் தேர்வுகள், பல்கலைக்கழக விண்ணப்பம்: எல்லாம் பாஸ்போர்ட்டில் உள்ளபடி. மதிப்பெண் பட்டியலில் 'முத்துக்குமார் எஸ்' என்றிருப்பதற்கு, இருவரும் ஒருவரே என்று நோட்டரி முன் ஒரு பிரமாணப் பத்திரம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் அதற்கு 20 ரூபாய் முத்திரைத்தாள் என்ற காலம் 2024-இல் முடிந்துவிட்டது, இப்போது 200. நோட்டரி கட்டணம் தனி. இரண்டு அசல் பிரதியாக எடுங்கள், ஒன்றை எங்காவது வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

8. பெயரையே மாற்ற வேண்டிவந்தால்

இனிஷியலை விரிப்பதும், ஏற்கெனவே உள்ள இரண்டு சொல்லை இரண்டு கட்டத்தில் பிரிப்பதும் ஒன்று. இதுவரை எங்கும் இல்லாத பெயரைச் சேர்ப்பது வேறு. பின்னதற்கு அரசிதழ் அறிவிப்பு வரை போக வேண்டிவரலாம். தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறை. விண்ணப்பப் படிவமும் கட்டண விவரமும் அத்துறையின் தளத்தில் உள்ளன. இடைத்தரகர் வேண்டாம், படிவம் ஒன்றும் கடினமில்லை.

வரிசை முக்கியம். முதலில் அரசிதழ், பிறகு ஆதார், பான், வங்கி, கடைசியில் பாஸ்போர்ட். புதிய பெயரில் வேறு ஆவணங்கள் வந்த பிறகு பாஸ்போர்ட்டுக்குப் போனால் கேள்விகள் குறையும். அரசிதழ் பிரதி வந்த அன்றே எழுத்துப் பிழை பாருங்கள். பெரிய பெயர் மாற்றம் தத்கலில் எடுக்கப்படாது, ஆகவே பயணத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணிச் சில மாதங்களாவது கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

9. குழந்தைக்கு இப்போதே

2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைகளுக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் பிறந்த தேதிக்கான ஒரே சான்று பிறப்புச் சான்றிதழ்தான். பிறப்பைப் பதிந்த 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன்பின் 15 வருடம் வரை 200 ரூபாய் தாமதக் கட்டணத்தோடு. பெயரை ஏற்றிய பிறகு மாற்றுவது பெரும்பாடு. குழந்தையின் பெயரை எழுத்துக்கூட்டலோடு முடிவு செய்துவிட்டே சான்றிதழ் அலுவலகத்துக்குப் போங்கள், வரிசையில் நின்றுகொண்டு போனில் மாமியாரைக் கேட்காதீர்கள்.

முத்துக்குமாரின் மகள் யாழினியின் சர்நேம் என்ன? முத்துக்குமாரா, சண்முகமா? இரண்டும் செல்லும். முத்துக்குமார் என்று வைத்தால் நம் வழக்கப்படி அப்பா பெயர். ஆனால் அப்பா, அம்மா, குழந்தை மூவருக்கும் மூன்று சர்நேம் ஆகிவிடும். வெளிநாட்டுக் குடியேற்ற மேசையில், குறிப்பாகப் பெற்றோரில் ஒருவர் மட்டும் குழந்தையோடு போனால், இது யார் குழந்தை என்ற கேள்வி எழலாம். பிறப்புச் சான்றிதழின் ஆங்கிலப் பிரதியும், உடன் வராதவர் எழுதிக் கொடுத்த சம்மதக் கடிதமும் கைப்பையில் இருக்கட்டும். பெட்டியில் போட்டு ஏற்றிவிடாதீர்கள். தாத்தா பெயரையே சர்நேமாக வைத்தால் அப்பாவுக்கும் மகளுக்கும் ஒன்றாகும். பள்ளியில் இனிஷியல் என்ன என்று கேட்கும்போது மட்டும் தாத்தாவின் 'எஸ்'ஸா அப்பாவின் 'எம்'மா என்று ஒருமுறை குழம்புவீர்கள். பாஸ்போர்ட்டில் எது இருக்கிறதோ அதைச் சொல்லுங்கள்.

சிறுவர் பாஸ்போர்ட் 1,000 ரூபாய், 8 வயதுக்குள் புதிதாக எடுத்தால் 10 சதவீதம் குறையும். 5 வருடமோ 18 வயது நிறையும் வரையோ, எது முதலில் வருகிறதோ அதுவரை செல்லும்.